மும்பையா, தில்லியா, கொல்கத்தாவா: கலையும் கடைவீதியும் இரவும் ஒரே பயணத்தில் வேண்டுவோருக்கு

ஐந்து நாள் விடுப்பில் ஒரு பெருநகரத்தைப் பார்த்துவர வேண்டும், பகலில் பழைய கட்டடங்களும் அருங்காட்சியகங்களும், மாலையில் கடைவீதியும், இரவில் இசையோ நாடகமோ நண்பர்களோடு ஒரு பாரில் சில மணி நேரமோ அமைய வேண்டும் என்று விரும்பித் தமிழ்நாட்டிலிருந்து புறப்படுபவர் முன் பெரும்பாலும் மூன்று பெயர்களே நிற்கின்றன. பெங்களூருவும் ஹைதராபாத்தும் நமக்கு வார இறுதிக்குள் அடங்கிவிடும் ஊர்கள் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒத்திராதவை; ஒன்றுக்குப் போய்விட்டு மற்றொன்றை எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இத்தகைய ஒப்பீடுகளில் வழக்கமாக நினைவுச்சின்னங்களை ஒரு பக்கமும், சந்தைகளை ஒரு பக்கமும், இரவு விடுதிகளை ஒரு பக்கமும் எண்ணிக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு பயணிக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. பகல் முடியும் இடத்துக்கும் மாலை தொடங்கும் இடத்துக்கும், கடைகள் மூடும் இடத்துக்கும் இரவுணவு கிடைக்கும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தை எதில் கடப்பது, நள்ளிரவில் அறைக்குத் திரும்ப வழி என்ன என்பவையே பயணத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு நகரத்தில் ஆயிரம் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் வாகனத்தில் உட்கார வேண்டுமானால், ஐந்து நாளில் கையில் கிடைப்பது சிலவே.

பண்பாட்டுச் செல்வம் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதென்றால் தில்லிக்கு இணை இல்லை. குதுப் மினாரும் உமாயூன் சமாதியும் 1993இலும், செங்கோட்டை 2007இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 72.5 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரைவிட அதன் அடியில் இருக்கும் குவ்வத்-உல்-இஸ்லாம் பள்ளிவாசல் நம் ஊர்க் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்களை அதிக நேரம் நிறுத்தி வைக்கும். இந்து, சமணக் கோயில்களிலிருந்து எடுத்துவந்து ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தப்பட்ட தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணியின் செதுக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனமங்கை இருக்கிறாள். பாடநூல் படங்களில் பார்த்தவர்கள் அவள் பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ளவள் என்பதை நேரில் காணும்போதுதான் உணர்வார்கள். அதே கட்டடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உள்ளன.

தில்லியில் பகலும் மாலையும் இயல்பாக ஒன்றோடொன்று சேரும் இடமென்று நான் முதலில் சொல்வது நிஜாமுதீன் பகுதியைத்தான். உமாயூன் சமாதி, அதையொட்டி 2024இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், பக்கத்திலேயே சுந்தர் நர்சரி தோட்டம் என்று பிற்பகல் முழுவதையும் அங்கே கழித்துவிட்டு, சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே பாடப்படும் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களைக் கேட்பதற்காகவே பயண நாட்களை மாற்றி அமைக்கலாம்; கவிஞர் அமீர் குஸ்ரோவின் அடக்கத்தலமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நாடகமும் நாட்டியமும் விரும்புபவர்களுக்கு மண்டி ஹவுஸ் சுற்றுவட்டம் இருக்கிறது. காமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், திரிவேணி கலா சங்கம், தேசிய நாடகப் பள்ளி ஆகியவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும் தொலைவில் உள்ளன.

கடைவீதியைப் பொறுத்தவரையிலும் தில்லியே முதலிடத்தில் இருக்கிறது. காரணம், இந்தியாவின் ஏறக்குறைய எல்லா மாநிலங்களின் கைவினையும் அங்கே ஒரே ஊரில் கிடைக்கிறது. 1994இல் தொடங்கிய தில்லி ஹாட்டில் கைவினைஞர்களே வந்து சுழற்சி முறையில் கடை போடுகிறார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு பொருட்களைப் பார்க்கலாம். பாபா கடக் சிங் சாலையில் மாநில அரசுகளின் விற்பனை நிலையங்கள் வரிசையாக உள்ளன. விலை நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் இந்தி தெரியாதவர்களும் தயக்கமின்றி வாங்க முடியும். இந்த வசதியைச் சிறிதாக எண்ணக் கூடாது. சாந்தினி சௌக்கிலும் சரோஜினி நகரிலும் பேரம்தான் வியாபாரம். மொழி கைகொடுக்காதவர் அங்கே பாதி விலைக்குக் கேட்கவும் கூச்சப்படுவார், சொன்ன விலையைக் கொடுக்கவும் மனம் வராது. ஆயினும் சாந்தினி சௌக்கைத் தவிர்த்துவிட வேண்டாம். வெள்ளிக்கு தரீபா கலான், ஜரிகைக்கும் கல்யாணச் சாமான்களுக்கும் கினாரி பஜார், மிளகு ஏலம் உலர்பழங்களுக்கு காரி பாவ்லி என்று ஒவ்வொரு சந்தும் ஒரு தொழிலுக்கென்று அமைந்திருப்பதைப் பார்ப்பதே ஒரு நாளுக்குரிய அனுபவம். ஷாஜகானின் மகள் ஜகனாரா பதினேழாம் நூற்றாண்டில் அமைத்த வீதி அது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சரோஜினி நகருக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

இவ்வளவும் இருந்தும் மூன்றையும் சேர்த்து வேண்டுபவருக்கு தில்லியை முதலில் பரிந்துரைக்க நான் தயங்குவதற்குக் காரணம் அதன் இரவு. இரவு வாழ்க்கை அங்கே இல்லை என்பதில்லை. அது நகரத்தின் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறது. கன்னாட் பிளேஸில் கொஞ்சம், ஹவுஸ் காஸ் கிராமத்தில் கொஞ்சம், விமான நிலையத்தையொட்டிய ஏரோசிட்டியில் கொஞ்சம், மாநில எல்லையைத் தாண்டி குருகிராமின் சைபர் ஹப்பில் மிகுதி. மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடுகிறது. அதன்பின் இருபது, முப்பது கிலோமீட்டர் தூரத்தை வாடகைக் காரில்தான் கடக்க வேண்டும். தனியாகவோ தோழிகளோடு மட்டுமோ செல்லும் பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே தில்லியில் மாலை எட்டு மணிக்கெல்லாம் திரும்பும் ஏற்பாட்டைச் செய்துவிடுகிறார்கள். தில்லியில் மது அருந்துவதற்கான சட்டப்படியான வயது 25 என்பதையும் இளைஞர் குழுக்கள் கவனத்தில் வைக்க வேண்டும். பருவமும் இரக்கம் காட்டுவதில்லை: அக்டோபர் இறுதியிலிருந்து காற்று மாசு, டிசம்பரிலும் ஜனவரியிலும் விமானங்களையும் ரயில்களையும் தாமதப்படுத்தும் மூடுபனி, ஏப்ரல் முதல் கடும் வெயில். பிப்ரவரியும் மார்ச் மாதத்தின் முற்பகுதியுமே எல்லாவற்றுக்கும் ஏற்ற காலம்.

மும்பையில் பார்க்க வேண்டிய சின்னங்கள் தில்லியைவிடக் குறைவு. அவற்றின் வயதும் குறைவு. பெரும்பாலானவை பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் அவை நிற்கும் முறை பயணிக்குப் பெரிய கொடை. சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்தில் தொடங்கி, ஹுதாத்மா சௌக், காலா கோடா, சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயா என்னும் அருங்காட்சியகம் வழியாக கேட்வே ஆஃப் இந்தியா வரை மூன்று கிலோமீட்டருக்குள் நடந்துவிடலாம். முனையம் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் கோதிக் கோபுரங்களும் மறுபக்கம் ஆர்ட் டெக்கோ குடியிருப்புகளும் எதிரெதிரே நிற்பதை 2018இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. மைதானத்தின் நடுவில் நின்று, மாலை வெயிலில், முதலில் ராஜாபாய் கோபுரத்தையும் பிறகு திரும்பி வளைந்த பால்கனிகளையும் பார்ப்பவருக்கு இரண்டு காலங்களின் கட்டடக் கலை வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நடைக்குள்ளேயே கடைவீதியும் அடங்கியிருக்கிறது என்பதுதான் மும்பையின் முக்கியமான சிறப்பு. முனையத்துக்கு வடக்கே சற்றுத் தூரத்தில் 1869இல் கட்டப்பட்ட கிராஃபோர்ட் மார்க்கெட்; அதையடுத்துத் துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட், நகைக்கு ஜவேரி பஜார். தெற்கே ஆயத்த ஆடைகளுக்கு ஃபேஷன் ஸ்ட்ரீட், சிறு அணிகலன்களுக்கும் காலணிகளுக்கும் கொலாபா காஸ்வே. அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து பத்து நிமிட நடையில் காஸ்வேயை அடைந்து, கடைகளைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் அதே சாலையிலுள்ள பழைய உணவகங்களில் ஒன்றில் உட்கார்ந்துவிடலாம். 1871 முதல் இயங்கிவரும் லியோபோல்ட் கஃபே அவற்றில் பலரும் அறிந்தது. கைவினைப் பொருட்களில் மட்டும் மும்பை தில்லிக்கு வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. பட்டு, வெண்கலம், கம்பளம் வாங்க வேண்டுமென்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவர் மும்பையில் மனநிறைவு அடைய மாட்டார்.

இரவைப் பொறுத்தவரை மும்பையின் உண்மையான பலம் அதன் பார்களிலும் பப்களிலும் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி வரை ஓடி, மீண்டும் நான்கு மணியளவில் தொடங்கிவிடும் லோக்கல் ரயிலில் இருக்கிறது. ரயில் ஓடுவதால் கடைநிலை ஊழியரும், நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பமும், கல்லூரி மாணவியும் அந்த நேரத்தில் தெருவில் இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும் தெரு பாதுகாப்பான தெரு. இரவு நேரத்தில் பெண்கள் பெட்டியில் காவலர் பயணிப்பதும் அங்கே நடைமுறையில் உள்ளது. மரைன் டிரைவில் நள்ளிரவுக்குப் பிறகும் வயதானவர்கள் காற்று வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இந்த ஊர் இரவைப் பணக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கவில்லை என்பது புரியும். சரியான பார்ட்டி வேண்டுபவர்களுக்கு லோயர் பரேலின் பழைய பஞ்சாலை வளாகங்களும் பாந்த்ராவும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்திலும் மது அருந்த வயது 25தான். பீருக்கும் ஒயினுக்கும் 21.

இரவு என்றால் மது மட்டுமே என்று கருதாதவர்களுக்கு நாரிமன் பாயின்ட்டிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையமும், ஜுஹூவிலுள்ள பிருத்வி தியேட்டரும் மிகச் சிறந்த தேர்வுகள். 1978இல் தொடங்கிய பிருத்வி சிறிய அரங்கம்; நடிகரின் மூச்சு கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதாலேயே வார இறுதிக் காட்சிகளுக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவிட வேண்டும். கர்நாடக இசையைத் தேடுபவர் சயானுக்கு அருகிலுள்ள ஷண்முகானந்தா அரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கலாம். பக்கத்து மாட்டுங்காவில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. நான்காம் நாள் காலை இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் ஏங்குகிறவருக்கு அந்தத் தெருக்கள் ஆறுதல் தரும்.

மும்பையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தென்மும்பையில் தங்கும் அறைகளின் வாடகை மூன்று நகரங்களிலும் அதிகம். அதே பணத்துக்கு கொல்கத்தாவில் கிடைக்கும் அறையில் பாதி அளவே இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போவது நல்லது. இதற்கு ஒரு வழி தாதர், மாட்டுங்கா போன்ற நடுப்பகுதிகளில் தங்கி, ரயிலில் தெற்கே போய்வருவது. 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுமையாகத் திறக்கப்பட்ட சுரங்க மெட்ரோ, விமான நிலையத்தையும் தெற்கு முனையையும் நேரடியாக இணைத்திருப்பதால் பெட்டிகளோடு வருபவர்களுக்கு இப்போது அலைச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. தென்மும்பையில் ஆட்டோ ஓடாது, டாக்சி மட்டுமே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த மாதங்களில் நடையும் இல்லை, எலிஃபண்டா தீவுக்குப் படகும் நிச்சயமில்லை. அந்தத் தீவின் குகையிலுள்ள மூன்று முகச் சிவன், சுமார் இருபது அடி உயரத்தில் அரை இருளில் எழுந்து நிற்பது, மும்பைப் பயணத்தின் தலையாய காட்சி என்பதால், அதை இழக்க நேரும் மாதங்களில் பயணத்தையே தள்ளிப்போடுவது சரி.

கொல்கத்தாவை எல்லா மாதங்களுக்கும் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. ஆனால் இரண்டு காலங்களில் அது மற்ற இரு நகரங்களையும் மிஞ்சிவிடும். ஒன்று துர்கா பூஜை. 2021இல் யுனெஸ்கோவின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த விழாவின் நாட்களில் நகரம் முழுவதும் இரவெல்லாம் தெருவில் இருக்கிறது. சப்தமி முதல் நவமி வரை மெட்ரோவும் விடிய விடிய ஓடுகிறது. பந்தல் ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு ஓவியரும் சிற்பியும் சேர்ந்து கட்டிய தற்காலிகக் கலைக்கூடம். கலையும் இரவும் வேறு வேறு என்ற பிரிவே அப்போது இல்லாமல் போகிறது. அதற்குச் சில வாரம் முன்பே போனால் குமார்துலியில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு சிலைகள் உருவாவதைப் பார்க்கலாம். எனக்கு விழாவைவிட இந்தத் தயாரிப்பே அதிகம் பிடிக்கும். பூஜை நாட்களில் அறை கிடைப்பது கடினம், வாடகை ஏறிவிடும், சாதாரணக் கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கலாம் என்பதால் சந்தையும் அருங்காட்சியகமும் வேண்டுபவருக்கு அது உகந்த வாரம் அல்ல.

மற்றொன்று ஜனவரி. புத்தகக் கண்காட்சி ஜனவரி இறுதியையொட்டி வருகிறது. டோவர் லேன் இசை மாநாட்டில் இந்துஸ்தானிக் கச்சேரிகள் இரவு தொடங்கி அதிகாலை வரை நீள்கின்றன. விடியற்காலத்துக்குரிய ராகங்களை அவற்றுக்குரிய பொழுதில் கேட்கும் வாய்ப்பு நம் சபாக்களின் நேர ஒழுங்கில் அரிது என்பதால், இசை ரசிகர் ஒருவர் இந்த ஒன்றுக்காகவே கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தால் அதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். பகலுக்கு 1814இல் நிறுவப்பட்ட, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகமான இந்திய அருங்காட்சியகம், 1921இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவகம், ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தின் இல்லம் ஆகியவை இருக்கின்றன. வாங்குவதற்கு காடியாஹாட்டில் தாந்த் என்னும் வங்கக் கைத்தறிப் பருத்திப் புடவைகளும் காந்தா தையல் புடவைகளும், தட்சிணாபணில் மாநில விற்பனை நிலையங்களும், காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகங்களும். பருத்திப் புடவையின் அருமை அறிந்தவருக்குக் கொல்கத்தா தில்லியைவிட ஏற்ற சந்தை, விலையும் குறைவு. வழக்கமான இரவுகளில் மட்டும் நகரம் பார்க் ஸ்ட்ரீட் என்ற ஒரே சாலைக்குள் சுருங்கிவிடுகிறது. டிரின்காஸ் போன்ற உணவகங்களில் மேடை இசையோடு உணவருந்தும் பழைய மரபு இன்னும் தொடர்கிறது. அது இனிமையானதுதான், ஆனால் ஐந்து இரவுகளுக்கு அது போதாது.

ஆக, மூன்றும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும், பயணம் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே, உடன் வருபவர்கள் நண்பர்களோ வாழ்க்கைத் துணையோ என்றால் மும்பையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கலைக்கு அதிகமும் கடைக்கு அடுத்ததும் இடம் கொடுத்து, இரவு பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவதில் வருத்தம் இல்லாதவர்கள், குறிப்பாகப் பெற்றோரையோ பள்ளி செல்லும் பிள்ளைகளையோ அழைத்துச் செல்பவர்கள், பிப்ரவரியில் தில்லிக்குப் போகட்டும். அவர்களுக்கு மும்பை வாடகைச் செலவை மட்டும் கூட்டும். தில்லியிலோ தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம் மிகச் சிறிய தொகையாகவே இருக்கிறது. புத்தகமும் இசையும் முதன்மையானவர்களுக்கு ஜனவரிக் கொல்கத்தா. சென்னையிலிருந்து மும்பைக்கோ ஹௌராவுக்கோ ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். தில்லிக்கு அதைவிட அதிகம் என்பதால், விடுப்பு ஐந்தே நாள் என்றால் ஒரு வழியாவது விமானத்தில் போவதே உசிதம்.

எந்த நகரமானாலும் கிழமைகளைப் பார்க்காமல் சீட்டு எடுக்க வேண்டாம். திங்கள்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம், எலிஃபண்டா குகைகள் எல்லாம் மூடியிருக்கும். மும்பைக்கு வியாழன் போய்ச் சேர்ந்து திங்கள் இரவு திரும்புவது நல்ல அமைப்பு. முதல் மாலையைக் கொலாபாவுக்கும், வெள்ளிக்கிழமையின் முற்பகலை எலிஃபண்டாவுக்கும், சனிக்கிழமையை ரயில் முனையத்திலிருந்து தொடங்கும் அந்த நடைக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்கலாம். ஞாயிறு லோக்கல் ரயில் தடங்களில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று பகலில் சில மணி நேரம் சேவையைக் குறைப்பார்கள்; எனவே அன்று பாந்த்ரா, ஜுஹூ பக்கம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு மாலை பிருத்வியில் நாடகம் பார்க்கலாம். மங்கள்தாஸ் மார்க்கெட் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால், துணி வாங்குவதைத் திங்கள் காலைக்கு வைத்துக்கொண்டால், வாங்கிய மூட்டையை நகரமெல்லாம் சுமக்காமல் நேரே விமான நிலையத்துக்கோ ரயிலுக்கோ கொண்டுபோய்விட முடியும்.